பூக்கல் தரையும் அமிலக் குடுவையும்

செங்கல்பட்டில் இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கற்களை வாங்கி, கூடுவாஞ்சேரியில் எங்கள் கூடத்தில் பதித்து வருகிறோம். எண்ணிக்கை கூடத்துக்குச் சரியாகப் போதும். ஒன்று கெட்டாலும் அதற்கு ஈடாக வேறு கல் கிடையாது.

இன்று மாமல்லபுரத்தில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வீடு திரும்பினேன். பதித்த தரை முழுவதும் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கொத்தனார் ஏழுமலை அமிலக் குடுவையுடன் குனிந்திருந்தார். அவர் காலடியில் ஒரு கல் நுரைத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை தலைமுறை நடந்தும் தேயாத நிறத்தை ஒரு குடுவை அமிலத்தால் அழிக்கிறீரே, இது தகுமா?" என்று தொடங்கியவன், மூச்சு வாங்கும்வரை நிறுத்தவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முட்ச்சிட்டியா அண்ணாத்த? இது உடைஞ்சு ஒதுக்கின துண்டு. புதுத் தரைன்னா இந்த உப்ப ஆசிட்டுல கழுவுவோம். இது பழசாச்சே, இன்னா ஆவுதுன்னு இதுல ஊத்திப் பாத்தேன். பொங்கிகினு சாயம் போவுது. அதான் வேணாம்னு அண்ணிய தேங்காண்ண கேட்டுகீறேன்."

என் மனைவி தேங்காய் எண்ணெயுடன் வந்தார். ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் தடவியதும், சிவப்பும் பச்சையும் அப்படியே எழுந்து வந்தன. போன உயிர் எனக்குத் திரும்பியது.

ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடு. எண்ண ஊறுற வரைக்கும் உள்ள கால் வெக்காத."

இதை வாசலில் நின்றபடி எழுதுகிறேன். பழங்கல் பதித்த நண்பர்களே, எண்ணெய் ஊற எவ்வளவு நேரம் ஆகும்? சாப்பாடு உள்ளே இருக்கிறது.