பாட்டில்களுக்கு நடுவில் ஒரு ஜன்னல்

மருந்து அரைக்கும் குழவியான பெசிலைக் கையில் எடுப்பதற்கு முன் சௌமியா ஒரு வேலை செய்வாள். எங்கள் ஃபார்மசி கல்லூரி லேப் மேஜையின் நடுவில் நீளமாக ஒரு மர அடுக்கு. அதில் கிளிசரின், ஆல்கஹால், அயோடின் என்று பழுப்புப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் இரண்டு பாட்டிலை இடப்பக்கம் ஒதுக்குவாள், இரண்டை வலப்பக்கம். ஒதுக்கியதை லேபிள் தெரியும்படி திருப்பி வைப்பாள். நடுவில் ஒரு முகம் அளவுக்கு ஜன்னல் திறக்கும். அப்புறம்தான் பீங்கான் மார்ட்டரை முன்னால் இழுத்து அரைக்க ஆரம்பிப்பாள். அரைக்கும்போது எல்லோரும் மார்ட்டரைப் பார்ப்பார்கள். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பாள்.

யாராவது பார்த்தால் எண்ணெய் அளப்பதையே மறந்துபோகிற ஆள் நான்.

"டேய் அறிவு, உனக்குன்னு ஜன்னல் வெச்சிருக்கறாடா. வாசக்கால் எப்ப வெக்கறாளாம்?" என்பான் பக்கத்தில் நிற்கும் மதன்.

சௌமியா திருச்செங்கோட்டுக்காரி. அவள் அப்பா அப்புசாமிக்குச் சொந்தமாக ஒரு போர்வெல் ரிக் வண்டி. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர் போடப் போனால் மாதக்கணக்கில் திரும்பாத வண்டி. சௌமியா கேன்டீனில் டீ சொன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்கும் கேட்கும். "ரிக் ஊட்டுப் பொண்ணு. கம்ப்ரஷர் பக்கத்துல வளந்தா அப்புடித்தான் பேசும்" என்று மதன் ஒருநாள் சொன்னான். வகுப்பு முழுக்க அதை ஏற்றுக்கொண்டது. அவளும் சிரித்தாள், மறுக்கவில்லை.

அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரமே அப்புசாமி வீட்டு முன்னால் ஒரு அறை கட்டி, ஷட்டர் போட்டு, மேலே போர்டும் எழுதி மாட்டிவிட்டார்: சௌமியா மெடிக்கல்ஸ். பச்சைச் சிலுவைகூட வரைந்தாயிற்று. உள்ளே ரிக் வண்டியின் பழைய டயர்கள்.

"ஒரு வருசம் போனாலும் போர்டு வெளுத்துருமுங்க. தெருவே படிக்குது" என்பாள் அவள்.

போகும்போலத்தான் இருந்தது. முதல் செமஸ்டர் ஃபார்மசூட்டிக்ஸ் பிராக்டிகலில் அவள் ஃபெயில். மூன்றாம் வருஷத்துக்குள் அந்த அரியரை எடுக்காவிட்டால் மேலே ஏற்ற மாட்டார்கள், ஒரு வருஷம் வீணாகும்.

அவளைக் கவிழ்த்தது விளக்கெண்ணெய் எமல்ஷன். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது ஊரறிந்த விஷயம். சேர்க்கிறோம் என்று கிளம்புவதுதான் எங்கள் படிப்பு. எண்ணெயில் கருவேலம் பிசின் பொடியைப் போட்டு, தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றி, ஒரே திசையில் விடாமல் வேகமாக அரைக்க வேண்டும். வெண்ணெய் மாதிரி வெளுக்கும். வெளுப்பை நம்பக் கூடாது. ஒரு நொடியில் பெசிலுக்கு அடியிலிருந்து 'டிக் டிக்' என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். ஈரச் செருப்பு தரையை விட்டுப் பிரிகிற மாதிரி, அதையும்விடச் சின்னதாக. அந்தச் சத்தம் வந்தால் எமல்ஷன் பிடித்துவிட்டது, மீதித் தண்ணீரைச் சேர்க்கலாம். அவசரப்பட்டு முன்னாலேயே சேர்த்தால் திரிந்த பால்தான்.

பயிற்சி வகுப்புகளில் அவளுக்கு ஒரு தடவைகூடத் திரிந்ததில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்: நான் முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் அவள் ஆரம்பிப்பாள். நிதானமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தேர்வில் ரோல் நம்பர் வரிசைப்படி என்னை அவளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அன்று திரிந்தது.

அதே தேர்வில் நானும் ஃபெயில். எமல்ஷன் நன்றாக வந்தது. வாய்தான் வரவில்லை. வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸாமினர் ஈஸ்வர் சார் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் தெரியும். தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் எங்கேயோ எல்லாம் உட்கார்ந்துவிட்டன. குமாரபாளையத்தில் எங்களுடையது தறி வீடு. அத்தனை தறி ஓடும்போது வீட்டில் யாரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, சைகையிலேயே எல்லாம் முடியும். தறிச் சத்தத்துக்குள் ஒரு நூல் அறுந்தால் எனக்குத் தனியாகக் கேட்கும். "பையன் புருவம் ஏறிச்சுன்னா எங்கயோ இழை அறுந்துருச்சுன்னு அர்த்தம்" என்று அம்மா சிரிப்பார். அதைத் தவிர என்னிடமிருந்து பெரிதாக எந்தச் செய்தியும் வெளியே வராது. பையில் எப்போதும் ஒரு ஒல்லியான கவிதைப் புத்தகம் இருக்கும். அதையும் மனசுக்குள்தான் படிப்பேன்.

"ஏனுங்க அறிவு, நீங்களும் அரியர், நானும் அரியர். சேந்து படிப்போமுங்களா?" என்று அவள் கேட்டபோது கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் பஸ் வரும் வரை வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் எங்கள் வைவா நடக்கும். அவள் கேட்பாள், நான் முனகுவேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

"என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. செருப்பா மார்க் போடப் போகுது?"

ஒருநாள் கவிதைப் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள். "என்னங்க இது, ஒவ்வொரு வரியும் பாதி வழியிலயே எறங்கிக்குது? டிக்கெட்டுக்குக் காசில்லையா?" அப்புறம் புத்தகத்தை என் கையிலேயே திணித்து, "படிங்க. ஒவ்வொரு எழுத்தும் வாயில தெரியோணும்" என்றாள். நான் கத்திப் படித்தேன். நாமக்கல் பஸ் கண்டக்டர் படியில் நின்று ஒரு முழுக் கவிதையையும் கேட்டுவிட்டு, "தம்பி, எலெக்‌ஷனா?" என்றார்.

அரியர் தேர்வு மே மாதம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னைச் சுவரோரத்து மேஜையில் நிறுத்தினார். சௌமியாவைக் கடைசி மேஜையில், ஃபேனுக்கு நேர் கீழே, எனக்கு முதுகு காட்டி. இடத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது எனக்குத் தெரிந்தது. போர்டு ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

அவள் கையைத் தூக்கினாள். "சார், ஃபேன் காத்துல பிசின் பொடி பறக்குதுங்க. அறிவுக்கு எதுத்தாப்புல எடம் காலியாக் கெடக்குதுங்க."

"ஃபேனை நிறுத்திக்கோம்மா."

மே மாதம், சிமென்ட் கூரை. லேப் மொத்தமும் "சாஆஆர்" என்று அலறியது. எக்ஸாமினரும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "சரி, அங்கயே போ."

அவள் வந்தாள். பாட்டில்களை ஒதுக்கினாள். ஜன்னல் திறந்தது. நான் முடிக்கும் வரை சும்மா நின்றிருந்தாள். முடித்ததும் தண்ணீரை ஊற்றி அரைக்கத் தொடங்கினாள்.

சத்தம் வரவில்லை. அவள் மணிக்கட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது, துடைக்கவில்லை. கண் மட்டும் என்மேல். இந்தப் பெண் நம்மைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் ஃபெயில் ஆகப் போகிறாள் என்று பயந்தேன்.

டிக்.

அந்த நொடியே அவள் கை நின்றது. சிரித்தாள். மீதித் தண்ணீரைச் சேர்த்தாள். பாலாடை மாதிரி நின்றது, திரியவில்லை.

வைவாவில் நான் எக்ஸாமினரின் முகத்தை நேராகப் பார்த்து முதல் பதிலைச் சொன்னேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "மெதுவாவே சொல்லுப்பா, பக்கத்துலதான இருக்கறேன்."

இருவரும் பாஸ். மதன் எங்கள் செலவில் பரோட்டா தின்றுவிட்டு, "ஜன்னல் கேஸ் என்னாச்சு?" என்று கேட்டான். நான் பில்லை எடுத்துக்கொண்டு காசு கொடுக்கப் போனேன். சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்ட பிறகும் சில விஷயங்கள் சொல்ல வருவதில்லை.

படிப்பு முடிந்து, டயர்கள் வெளியேறி, போர்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து, சௌமியா மெடிக்கல்ஸ் திறந்த அன்று நாங்கள் போயிருந்தோம். கூட்டத்தில் அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்று வந்தவர்களோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அப்புசாமி எனக்குக் காபி கொடுத்தார். ஆச்சரியமாக, மிக மெல்லிய குரல் அவருக்கு.

"ரிக் பக்கத்துல வளந்த பொண்ணுங்கறது கரெக்ட்டா இருக்குதுங்க, அங்கிள்" என்று மதன் சிரித்தான்.

"அத நா ரிக் பக்கமே உட்டதில்லீங்க சாமி. பொறந்ததுல இருந்தே அதுக்குச் சன்னமான சத்தம் காதுல ஏறாது. மூஞ்சிய, வாயப் பாத்துத்தான் பேசும். உங்களுக்குத் தெரியாதுங்ளா?"

கூட்டம் குறைந்ததும் கல்லாவுக்குப் போனேன். நடுவில் டானிக் பாட்டில்கள். அவள் இரண்டை ஒதுக்கினாள்.

"அப்ப அந்த டிக் சத்தம்?" என்றேன், அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் வாயில் தெரியும்படி.

"அத நா ஒருக்காக்கூடக் கேட்டதில்லீங்க" என்றாள். "உங்க புருவம் ஏறுமுங்க. ஏறுனதும் நிறுத்திருவேன்."