சர்வருக்கு வைத்த சந்தனம்

2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, காலை 8.55. வெளியே தூறல். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் மேலாளராக இருந்த பம்ப் தொழிற்சாலையில், சிஸ்டம் என்ஜினியர் அம்மணி சர்வர் கணினியின் முன்னால் குனிந்து நின்றார். முந்தின நாள் ஆயுத பூஜை. பதினாறு லேத்துகளையும் நான்கு டிரில்லிங் மெஷின்களையும் நிறுத்திப் பொட்டு வைத்த கையோடு, நான் சர்வரையும் பட்டனை அமுக்கி அணைத்திருந்தேன். பூஜையன்று எந்த மெஷினும் ஓடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். 'அணைக்கக் கூடாது' என்று அவர் எழுதி ஒட்டியிருந்த தாளின் மேலேயே சந்தனம் வைத்தேன். காலையில் நானேதான் மறுபடி போட்டும் விட்டேன்.

"பொட்டு வெச்சீங்க, சரிங்க சார். அணைக்கலீங்கல்ல?" என்று சிரித்தபடி கேட்டார்.

"இல்லீங்க அம்மணி. கரண்ட்டு போயிருச்சுங்க."

நான்கே சொற்கள். எனக்கு ஓய்வுபெற அறுபத்தெட்டு நாட்கள் இருந்தன. முதலாளியிடம் ஒரு ஏச்சும் வாங்காமல் போய்விட நினைத்தேன்.

எங்கள் பம்ப் வரைபடங்கள் இருந்த மென்பொருள் மிகப் பழையது. புதுக் கணினியில் ஓடாது. அதனால் அவர் சர்வருக்குள் மென்பொருளாலேயே ஒரு கணினியையும் அதற்குள் இன்னொன்றையும் உண்டாக்கி, உள்ளே இருந்ததில் அதை ஓட்டிவந்தார். மூன்றுக்கும் தனித்தனிக் கெர்னல், அதாவது கணினியை ஆளும் அடிப்படை நிரல். அவை ஒத்துப்போனால்தான் உள்கணினி எழும். அன்று அது எழவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது.

மின்சாரம் திடீரென்று போனால் கோப்புகள் கெடும். என் சொல்லை நம்பி அவர் கெட்ட கோப்பைத் தேடினார். ஆறு நாட்கள். பேக்கப் நகலை ஒன்பது முறை திரும்ப ஏற்றினார். ஒன்பது முறையும் அதே கறுப்பு. என் மேசை பதினோரு அடி தூரத்தில்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஆறு நாளும் மூன்றடுக்கு டிபன் கேரியரைக் காலி செய்தேன். அதற்குள், வரைபடம் இல்லாமல் வேலை நின்றதால், ஈரோட்டு வியாபாரி ஒருவர் நூற்று நாற்பது பம்புகளுக்கான ஆர்டரை ரத்துசெய்துவிட்டார்.

ஏழாம் நாள் காலை அவர் திரையைவிட்டுத் திரும்பினார். "கரண்ட்டு போயிருந்தா சர்வர் தானா எழுதி வெக்கற பதிவு பாதியில நின்னிருக்கோணுங்க சார். இது ஒழுங்கா அணைஞ்சிருக்குது. ஆரோ பட்டனை அமுக்கியிருக்காங்க." தானாக இறங்கிய புதிய கெர்னல் ஒன்று சர்வரில் மாதக்கணக்காகக் காத்திருந்ததாம். சோதித்துப் பார்க்கும்வரை சர்வரை அணைக்காமல் வைத்திருந்தாராம். நான் அணைத்துப் போட்டதும் அது ஏறிக்கொண்டது. நடுக்கணினியின் பழைய கெர்னலுக்கு அதனோடு ஒத்துப்போகவில்லை. சர்வரைப் பழைய கெர்னலில் கிளப்பினார். நான்கு நிமிடங்களில் வரைபடங்கள் வந்துவிட்டன.

முதலாளி வந்து நின்றார். "நீங்க உட்டு வெச்ச அப்டேட்டுதானுங்களே அம்மணி? ஏழு நாளா தூங்கிப்போட்டு இப்ப நாலு நிமிசத்துல செஞ்சுபோட்டேங்கறீங்க."

"அணைச்சது ஆருன்னு சாரைக் கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியலீங்க" என்றேன். மறுநாளே மாதக் கடைசி. அன்றோடு அவருடைய வேலை போயிற்று. அனுபவச் சான்றிதழில் 'கவனக்குறைவு' என்று தட்டச்சு செய்து நீட்டியதும் இந்தக் கைதான். என் ஓய்வு விழாவில், "இவுரு மேல ஒரு தப்புச் சொல்ல முடியாதுங்க" என்று முதலாளி பொன்னாடை போர்த்தினார். அந்தச் சால்வையை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று மாதம் கழித்து, நான் குடிபோன கொடுமுடியிலிருந்து நடந்ததையெல்லாம் முதலாளிக்கு எழுதினேன். நகல் ஒன்றை அம்மணிக்கும் அனுப்பினேன். ஐந்தாம் நாள் முதலாளி போனில் பேசினார். "ஏனுங்க, நீங்கதானுங்களா அது? அந்தப் புள்ளையவல்ல வெரட்டிப்போட்டேன். செரி உடுங்க, முடிஞ்சு போச்சு. சாப்ட்டீங்களா?" சான்றிதழை மாற்றித் தருவதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, "பாக்கலாமுங்க" என்றார். அம்மணியிடமிருந்து பதிலே இல்லை.

ஸ்பீடு போஸ்ட் ஒன்றுக்கு நாற்பத்தொரு ரூபாய் முப்பது பைசா, உறை ஐந்து ரூபாய். இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து, இந்தத் தப்பில் எனக்கு ஆன செலவு தொண்ணூற்றிரண்டு ரூபாய் அறுபது பைசா.