என் இடது மூக்கைத் திறந்துவிட்ட ஜெபசீலி டாக்டரம்மா

ஜெபசீலி டாக்டரம்மா இன்று காலை போய்விட்டார்... ஹார்ட் அட்டாக்.

வடசென்னையில் எங்கள் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர்.

காட்டுப்பள்ளி துறைமுக கேட்டுக்கு வெளியே டிரெய்லர் லாரியோடு வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

எனக்கு ரொம்ப நாளாக இடது மூக்கில் அடைப்பு. சில நாள் ரத்தமும் வரும்.

எங்கள் பக்கத்தில் மூக்கடைப்புக்கு யாரும் டாக்டரிடம் போக மாட்டோம். எண்ணூர் புகை, லாரித் தூசி என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு, ஆவி பிடித்துப் படுத்துவிடுவோம்.

என் மனைவி மல்லிகாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்ததும், “எண்ணூர் பொகைம்மா” என்று நோயின் பெயரை நானே சொல்லிவிட்டேன்.

“எந்தப் பக்கம் அடைக்கிது நைனா?”

“லெஃப்ட்டு மட்டும்தாம்மா.”

“பொகை லெஃப்ட்டுல மட்டும் பூந்து வர்தா? ரைட்டு இன்னா, லீவுல கீதா?”

பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அப்போதே கேமரா குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தார்.

ஸ்கேன், சதை டெஸ்ட்... எல்லாம் முடிந்தபின் சொன்னார். சைனஸுக்குள் அபூர்வமாக வரும் ஒரு கட்டி, பாப்பிலோமா என்று பெயர். ‘கட்டி’ என்றதுமே மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதம்மா, கேன்சர் இல்ல. ஆனா அப்டியே வுட்டா ஒரு நாள் மாறினாலும் மாறிடும். இது வேலிகாத்தான் முள்ளு மரம் மாதிரி... மேல வெட்னா திரும்ப மொளைக்கும். வேர் புடிச்ச எலும்பையும் சேத்து சொரண்டி எடுக்கணும்.”

ரோட்டோரத்து வேலிகாத்தானைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூக்கு வழியாகவே எடுத்தார். மூக்கில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று மல்லிகா என் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, “காத்து வர்துய்யா!” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

பிறகு ஒருமுறை கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போன இடத்தில் சளி பிடித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், “இவ்ளோ சுத்தமா யாருங்க ஆபரேஷன் பண்ணாங்க? வெளிநாட்டுலயா?” என்று கேட்டார்.

“கவர்மென்ட் ஆஸ்பத்திரி சார். எங்க காலடிப்பேட்டை பொண்ணு” என்றேன். காலரைத் தூக்கிவிடாததுதான் பாக்கி.

இன்றைக்கும் அதே கர்வம்தான்... அழுகையையும் மீறி.

ஆபரேஷன் முடிந்தும் என்னை விடவில்லை. வருடம் தவறாமல் செக்கப்புக்கு வரச் சொல்வார். “நல்லாத்தானம்மா கீறேன், இன்னும் எத்தினி வருசம் வரணும்?” என்று கேட்டேன்.

“அது சொல்லிகினு வராது நைனா. நீ கீற வரைக்கும் வரணும்.”

அடுத்த மாதம் செக்கப். குழாயைப் பிடிக்க அங்கே வேறு யாரோ இருப்பார்கள்.

நான் வந்து உட்காருவேன் டாக்டரம்மா... நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.