துரையின் வலது கால்

வேப்பெண்ணெயைச் சூடாக்கி மஞ்சள்தூளைக் குழைக்கும்போது எழும் நெடி மூக்கில் ஏறினால், எனக்கு ஒரு வாத்தின் வீங்கிய கால்தான் நினைவுக்கு வரும். வாத்து என்றதும் வயற்காட்டில் கூட்டமாக ஓட்டிப்போகும் சின்ன வாத்தை நினைத்துவிட வேண்டாம். இது கழுத்து நீண்ட, ஆளைக் கண்டால் சீறுகிற, பெரிய வெள்ளை ஜாதி. அதன் நிறத்துக்கும் நடைக்கும் பொருத்தமாக நாங்கள் வைத்த பெயர் ‘துரை’.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தோம். அப்பாவும் அடுத்த வீட்டு அந்தோணியம்மா மாமியின் புருஷனும் கொழும்புக்குப் போகும் ஒரே தோணியில் வேலை பார்த்தார்கள். ஒரு நடை திரும்பியபோது இரண்டு குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்து வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரித்தது மனிதர்கள்தான், குஞ்சுகள் சேர்ந்தே மேய்ந்தன, சேர்ந்தே தூங்கின. எது யாருடையது என்று பெரியவர்கள் யாரும் கவலைப்படவில்லை. நான் பட்டேன், பத்து வயதிலேயே எனக்கு அப்படியொரு புத்தி. கோழிக்குக் காலில் கலர்த் துணி கட்டுவது எங்கள் தெரு வழக்கம். துணியென்றால் மாமி அவிழ்த்து மாற்றிவிட மாட்டாளா என்று யோசித்து, அப்பா தூண்டிலுக்கு வைத்திருந்த ‘தங்கூசி’யில், அதாவது கண்ணுக்கே தெரியாத அந்த நைலான் நரம்பில், ஒரு துண்டை வெட்டி, எங்கள் குஞ்சின் வலது காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அவிழாத முடிச்சாகப் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு மாதத்தில் மாமியின் குஞ்சை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. எனக்குத் தூக்கம் போனது அதிலிருந்துதான். துரையை அவள் நின்று பார்த்தால் அளவெடுக்கிறாள் என்று தோன்றும். மீந்த சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து வைத்தால், பழக்கி இழுக்கப் பார்க்கிறாள் என்று தோன்றும். துரையோ வெட்கமில்லாமல் அவள் பின்னாலேயே போனான்.

டிசம்பர் தொடக்கத்தில் துரை நொண்ட ஆரம்பித்தான். வலது கால் புடைத்துச் சிவந்து நீர் வடிந்தது. காயப்போட்ட கருவாட்டை மிதித்தான் என்று முந்தின நாள்தான் மாமி அவனை விரட்டியிருந்தாள். கல்லெறிந்திருக்கிறாள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். நான் கட்டிய நரம்பைப் பற்றி அப்போது ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

“ஏளா, கண்ணால கண்டியா?” என்று அம்மா கேட்டாள்.

“கண்டேன்” என்றேன்.

அன்றோடு அம்மா மாமியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். காலையும் மாலையும் துரையை மடியில் அமுக்கி வேப்பெண்ணெய் போடுவது என் வேலையானது. அவன் நன்றிகெட்டவன், என் முழங்கையைக் கடித்துக் கன்றவைத்தான். வீக்கமோ கூடிக்கொண்டே போனது. நடை முடிந்து வந்த அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கால் போன வாத்த எத்தன நாளைக்கு வச்சிப் பாக்கது? கிறிஸ்மஸுக்கு அறுத்துருவோம்” என்றார். நான் சாப்பிடாமல் அழுதேன். அழுகையைவிட மாமி மீதிருந்த ஆத்திரம்தான் அதிகம்.

இரண்டு நாள் கழித்து மாமி எங்கள் முற்றத்துக்குள் நேராக வந்தாள். “பேசாட்டிப் போங்க மைனி. அதுக்காவ இந்தச் சீவன் சாவணுமா?” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, துரையைக் கக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மாமி வீக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்து, பிளேடால் மெல்லக் கீறி, சதைக்குள்ளிருந்து நகத்தால் எதையோ இழுத்தாள். என் தங்கூசி. முடிச்சு அப்படியே இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மாமி, அடுத்து என்னைப் பார்த்தாள்.

“என்னது அது?” என்றாள் அம்மா.

“தங்கூசி மைனி. கடக்கரைக் குப்பையில மேயும்போது சுத்திருக்கு. வளர வளர இறுக்கிட்டு” என்று சொல்லி, மாமி அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அம்மா என் காதைத் திருகினாள். “கல்லெறிஞ்சத கண்டேன்னியேளா!”

“விடுங்க மைனி. சின்னப் பிள்ள, தெரியாம சொல்லிட்டா” என்று என்னை விடுவித்ததும் மாமிதான்.

துரை கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும், அந்தக் கிறிஸ்மஸையும் இன்னும் பல கிறிஸ்மஸையும் பார்த்துவிட்டான். எனக்குத்தான் நிம்மதியில்லை. எதற்காக மறைத்தாள்? அந்த நரம்பை ஏன் எடுத்துப் போனாள்? பதிலுக்குத் துரையைத் தனக்கென்று கேட்பாள், இல்லையென்றால் என்றைக்காவது அம்மாவிடம் போட்டுக்கொடுப்பாள் என்று, அவள் காப்பித்தூள் கடன் கேட்டு வந்தாலும் நான் உள்ளே ஓடி ஒளிந்தேன்.

இப்போது அந்தத் தெருவில் எங்கள் வீடும் இல்லை, மாமி வீடும் இல்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. என் கல்யாணத்துக்குப் பிறகு, பெரியதாழையில் மகளோடு இருந்த மாமியை ஒருமுறை பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் மீன் பொரித்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள். எங்கே அந்தப் பேச்சை எடுத்துவிடுவாளோ என்று பயந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அவள் எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் மாமி இறந்துபோனாள். அந்த முடிச்சைப் போட்டது யார் என்று தெரிந்திருந்தும், என்னைக் காட்டிக்கொடுக்காத ஒரே ஆளிடம் நான் கடைசிவரை வாய் திறக்கவில்லை.