பாதி பிளேடு

திருத்தணி பஸ் நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்தார் அவர். காதுமடலில் மயிர் அடர்ந்த, ஒல்லியான மனிதர். புது பிளேடை நம் கண்ணெதிரே காகிதத்தோடு இரண்டாக உடைப்பார். ஒரு பாதி கத்தியில் ஏறும். மறு பாதி அடுத்தவருக்கென்று சட்டைப் பைக்குள் போகும். பையிலிருந்து வெளியே வருவது புதுப் பாதிதானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

அரசு செலவில் நடந்த எச்.ஐ.வி. ஆய்வின் அட்டவணையை ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்துக்கொண்டு சவரத்துக்குப் போனேன். எங்கள் வட்டாரத்து முடிதிருத்தும் கடைக்காரர்கள் அநேகமாக எல்லோருமே ஆளுக்கொரு புது பிளேடு போடுவதாக அதில் இருந்தது. படித்துக் காட்டினேன்.

நுரை தடவிக்கொண்டே சிரித்தார். "நோட்டப் புடிச்சிகினு வந்து கேட்டாங்க சார். நாங்க சொன்னோம், எழுதிகினு போயிட்டாங்க. ஒருத்தர்கூட நின்னு பாக்கல. மாத்தறதில்லன்னு எவனாவது சொல்வானா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

அன்று அவர் பிளேடு உடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பாதியை எடுத்துக் கத்தியில் செருகினார்.

"தாடையத் தூக்குங்க சார்."

அத்தனை சந்தேகத்தோடும் தூக்கினேன். கத்தி தொண்டைக்கு வந்துவிட்டதால் மறுபடி கேட்கவில்லை.