பரீட்சை மண்டபத்தில் நான் உயர்த்திய கை

கவிதாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான். பரீட்சை மேற்பார்வையாளர் கண்டுபிடிக்கவில்லை. யாருமே கண்டுபிடிக்கவில்லை. நான் கையை உயர்த்திச் சொன்னேன்.

இதைத் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அழுகிற ஆளைத் தேடி வந்திருந்தால் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். அந்தப் பரீட்சையில் நான் தேறியவள். என் கையால் எழுதித் தேறியவள்! அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால்...

2009. எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஜெர்மனியில் பதினாறு வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிவிட்டு, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு குடும்பமாக லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் குடியிருந்தோம். இங்கேயும் அதே வேலைதான். காலை ஐந்து மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைப்பேன். திரும்பி வரும்போது ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் "சட்டக் கல்லூரி" என்ற பலகையை பஸ்ஸிலிருந்து தினமும் பார்ப்பேன். ஒரு நாள் இறங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் ஒரே சிரிப்பு.

"அப்புக்காத்து அம்மா, ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ? அதுக்கும் மனுப் போட வேணுமோ?" என்று என் கணவர் கேட்பார். எங்கள் ஊரில் வழக்கறிஞரை அப்புக்காத்து என்பார்கள். வீட்டுக்கு வந்த ஆட்களுக்கு முன்னாலும் இப்படித்தான் கேட்பார்.

"ஊத்துறன், குடியுங்கோ. ஒரு நாள் உங்களுக்கும் நான்தான் வழக்குப் பேச வேண்டி வரும்" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அந்தக் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் அங்கீகாரம் இல்லை. அதனால் முதலாம் ஆண்டு முடிவில் வேறொரு இடத்தில், வேறு ஆட்கள் நடத்தும் தகுதிப் பரீட்சையை நாங்கள் எழுத வேண்டும். தேறினால்தான் இரண்டாம் ஆண்டு. தேறாவிட்டால் அந்த ஒரு வருடம் படித்ததற்கு எந்த மதிப்பும் இல்லை.

வகுப்பில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். நானும் கவிதாவும்.

கவிதா மதுரைக்காரி. இருபத்தாறு வயது. வங்கி வேலையை விட்டுவிட்டு மாணவர் வீசாவில் வந்தவள். நான் தேறாவிட்டால் வீட்டில் இன்னும் கொஞ்சம் கேலி, அவ்வளவுதான். அவள் தேறாவிட்டால் வீசா நீடிக்காது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இந்த வரியைக் கவனமாக வாசியுங்கள்.

"அக்கா, நீங்க கதைக்கிறன் கதைக்கிறன்னு சொல்றப்பல்லாம் எனக்கு ஏதோ கதை சொல்லப் போறீங்கன்னே தோணுது" என்று சிரிப்பாள். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது.

"சட்டம் முழுக்கக் கதைதான் பிள்ளை. ஆர் நல்லாச் சொல்லுறது எண்டதுதான் கேள்வி."

பாடங்களில் இரண்டு பெரியவை: ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் சட்டம். கவிதா தடித்த கொப்பி ஒன்று வாங்கி வந்தாள். முன்பக்கத்திலிருந்து அவள் ஒப்பந்தத்தை எழுதுவாள். கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து நான் குற்றவியலை எழுத வேண்டும். இரண்டும் நடுவில் சந்திக்கும்.

"நீங்க கிரிமினல், நான் கான்ட்ராக்ட். டீலா அக்கா?"

"டீல்."

அவள் தன் பாதியை எழுதி முடித்தாள். எழுதியதோடு விடவில்லை, எனக்கு விளங்கும்வரை சொல்லியும் தந்தாள். தமிழ்க் கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கறிவேப்பிலைக் கட்டைக் கையில் எடுத்தாள். "இதுல விலை ஒட்டியிருக்கே, அதுக்காகக் கடைக்காரர் நமக்கு வித்தே ஆகணும்னு இல்லக்கா. அது சும்மா, வாங்க வாங்கன்னு கூப்பிடுறது. நீங்க கவுண்டர்ல கொண்டுபோய் வைக்கிறீங்க பாருங்க, அதுதான் ஆஃபர்." கவுண்டரில் நின்றவர், "தங்கச்சி, வாங்குறீங்களோ, வகுப்பு நடத்துறீங்களோ?" என்று கேட்டார். அன்றைக்கு விளங்கியது இன்றைக்கும் மறக்கவில்லை.

என் பாதி?

நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

"ஷிப்ட் மாறிட்டுது, நாளைக்கு எழுதுறன்" என்பேன். பொய். குற்றவியல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நீளமான நடைபாதைகளைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வழக்கையும் மனப்பாடம் செய்திருந்தேன். குற்றம் என்றால் இரண்டு வேண்டும்: செய்த கை, நினைத்த மனம். அந்த வயதிலும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பேன்!

பிறகு ஏன் எழுதவில்லை? கவிதா வாயைத் திறந்தால் விரிவுரையாளர் தலையாட்டுவார். தடுமாறும் ஆங்கிலத்தில் நான் வாயைத் திறந்தால் "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்பார். என்னிடம் அவளைவிட அதிகமாக இருந்தது அந்த ஒரு பாடம் மட்டும்தான். அதையும் கொடுத்துவிட்டால்... எனக்கு என்ன மிச்சம்?

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டாள். "அக்கா, உங்க பக்கம் இன்னும் காலியா இருக்கே. நான் என்ன பண்ணுவேன்?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் பயப்பிடுறீர்? எனக்குப் பின்னுக்குத்தானே இருப்பீர். காட்டுறன்."

ஆம், அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

"தப்பில்லையாக்கா?"

"ஏலுமெண்டால் பாரும். ஏலாட்டி விடும்."

பரீட்சையன்று காலையில் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள். வாசலில் வைத்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்தோம். எனக்குப் பின்னால், சற்று இடப்பக்கம் தள்ளி அவளுடைய மேசை.

குற்றவியல் கேள்வி வந்ததும் எழுதினேன். எழுதி முடித்த தாளை மேசையின் இடது ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். காட்டினேன்.

பின்னால் அவளுடைய பேனா ஓடத் தொடங்கியது. நான் எழுதியதைவிட வேகம். என் விஷயம், அவளுடைய ஆங்கிலம்... பிறகு கையை உயர்த்திக் கூடுதல் தாள் கேட்டாள். கூடுதல் தாள்! எனக்கே தேவைப்படவில்லை.

உடனே என் கையும் மேலே போனது.

எனக்கும் தாள்தான் வேண்டுமென்று நினைத்து, மேற்பார்வையாளர் அம்மா வெறும் தாள் ஒன்றோடு வந்தார். எனக்கு ஆங்கிலம் தடுமாறும் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குத் தடுமாறவில்லை. பின்னாலிருக்கும் பெண் என் தாளைப் பார்த்து எழுதுகிறாள் என்று ஒரு பிழையும் இல்லாமல் மெதுவாகச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கவிதாவின் தாளை எடுத்தார்.

காட்டினேன். பிறகு காட்டிக்கொடுத்தேன். தமிழில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்தான் வித்தியாசம். எனக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

நீங்கள் கேட்பீர்கள்: பார்த்து எழுதியது பிழைதானே? பிழைதான்! சட்டம் படிக்க வந்த இடத்தில் களவு செய்யலாமா? சட்டத்துக்கு மாறான வாக்குறுதி செல்லாது. அதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை. இந்த வாதத்தை ஆயிரம் தடவை வாதாடி, ஆயிரம் தடவையும் வென்றிருக்கிறேன். கை செய்தது சரி.

மனம்?

விசாரணையில் கவிதாவிடம் கேட்டார்கள், முன்னால் இருந்த பெண்மணியும் இதற்கு உடந்தையா என்று. "அவங்களுக்குத் தெரியாது. நானாத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்தம்மாவுக்கு என்ன கண்ணுக்கா அது! எப்படிப் பார்த்தாங்கன்னே தெரியல. நல்லவேளை, உங்க பேப்பரை எடுக்கல."

"ஓம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அந்த ஒரு "ஓம்".

அவளுடைய பரீட்சை செல்லாது என்று கடிதம் வந்தது. குளிர் தொடங்கும் முன்பே ஊருக்குப் போய்விட்டாள். நான் தேறினேன். அடுத்த வருடமும் தேறினேன். அதற்கடுத்ததும்! இன்றைக்கு ரெய்னர்ஸ் லேனில் ஒரு சட்ட அலுவலகத்தில் எனக்கென்று ஓர் அறை, கதவில் என் பெயர். வீசா மறுக்கப்பட்ட பிள்ளைகளின் கோப்புகள்தான் என் மேசையில். விடாமல் சண்டை பிடிப்பேன். பல பேரை இந்த நாட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன். என் கணவர் இப்போது ஆட்களிடம் "எங்கட வீட்டு அப்புக்காத்து" என்கிறார், கேலி இல்லாமல். தரை துடைத்த கை இது. பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

ஒவ்வொரு பொங்கலுக்கும் கவிதா கூப்பிடுவாள். "நம்ம ரெண்டு பேர்ல நீங்களாவது ஜெயிச்சீங்களேக்கா" என்பாள். நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை. இதில் என்ன துணிச்சல் இருக்கிறது என்று என்னையே கேட்கிறேன்.

அந்தக் கொப்பி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒப்பந்த வழக்கு ஏதாவது வந்தால் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். கவிதாவின் உருண்டை எழுத்து, அடிக்கோடுகள், ஓர் ஓரத்தில் கறிவேப்பிலைப் படம். திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் முழுவதும் வெறுமை. முதல் தாளின் உச்சியில் மட்டும், நான் எங்கே எழுதத் தொடங்க வேண்டும் என்பதற்காக அவள் போட்டு வைத்த தலைப்பு:

"கிரிமினல் – அக்கா."