இளையபெருமாளின் இருபது குழிப் புல்

கீழமருதங்குடி விவசாயிகள் சங்கத்தின் தலைவராக இளையபெருமாள் மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு ஒரே ஒரு வாக்கியம் காரணம்: "நஞ்சையில ஒரு சட்டி கான்கிரீட் விழக்கூடாது." ஒரத்தநாடு சாலையோர வயல்களை வாங்கி மனைப்பிரிவு போட வந்தவர்களை அவர் இதைச் சொல்லித்தான் மறித்தார். அதன்பின் அதைச் சொல்லாத கூட்டம் இல்லை. ஒரு காதுகுத்து விழாவிலும் சொன்னார். அவருடைய தந்தை ரெத்தினம், குத்தகைப் போராட்டத்தில் மிராசுதாரின் ஆட்களிடம் அடிபட்டு நிலத்தைத் தக்கவைத்தவர். அந்த அடியை மகன் தன் முதுகில் விழுந்ததாகவே மேடையில் விவரிப்பார். வலி மட்டும் தந்தையோடு போய்விட்டது.

2021 கோடையில் அந்த வாக்கியத்துக்குச் சோதனை வந்தது. இளையபெருமாளின் மகன் கோவிந்தராசு திருச்சியில் பொறியியல் மாணவன். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருந்தான். கொரோனாவால் கல்லூரி மூடிக்கிடந்தது. வீட்டுக் கொல்லையை ஒட்டிய இருபது குழி நிலத்தில் பயிற்சிக்கு ஒரு களம் போட்டுத் தரும்படி கேட்டான். மகன் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாதவர் இளையபெருமாள். ஆனால் அந்த இருபது குழியும் நஞ்சை. அடுத்த தையில் சங்கத் தேர்தல். அங்கே கான்கிரீட் விழுந்தால் தலைவர் பதவியும் அதனடியில் போய்விடும் என்பதை அறியாத அளவுக்கு அவர் அப்பாவி அல்லர். எனவே செயற்கைப் புல்லைத் தேர்ந்தெடுத்தார். சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பயிர்போலத் தெரியும் என்பது அதன் கூடுதல் தகுதி.

"அப்பா, அது கால்பந்துக்குப் போடுறது. கூடைப்பந்துக்குத் தரை கெட்டியா இருக்கணும். புல்லுல பந்து எழும்பாது."

"பந்து எழும்பலன்னா நீ எழும்பு. இளவயசுதானே."

புல் விரிக்கத் தஞ்சாவூரிலிருந்து வந்த ஜெக்கரியா, தரையைப் பார்த்ததும் முறையைச் சொன்னார். "ஜல்லியும் கல்தூளும் கொட்டி இறுக்கி, ஒரு பக்கமா வாட்டம் குடுக்கணுங்க. மழைத்தண்ணி ஓடணும்ல."

"ஜல்லி போட்டா பாதி கான்கிரீட் வந்துருச்சுய்யா. மட்டம் பாக்க எங்களுக்குச் சொல்லித்தரப் போறியா?"

இளையபெருமாளுக்குத் தெரிந்த மட்டம் ஒன்றுதான். நிலத்தில் தண்ணீர் கட்டி, சேறடித்து, பரம்புப் பலகை ஓட்டி, எந்த மூலையிலும் தண்ணீர் ஒரே ஆழத்தில் நிற்கும்படி செய்தார். பழக்க தோஷத்தில் நான்கு பக்கமும் வரப்பும் வைத்தார். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், களத்தில் நிற்கக் கூடாது என்ற வேறுபாடு பரம்பரை விவசாயி ஒருவரின் கவனத்துக்கு வரவில்லை. நிலம் காய்ந்தபின் திரும்பிவந்த ஜெக்கரியா வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல நாத்து விடப்போறீங்களா?"

"பாக்க அப்படித்தான் இருக்கணும்."

அதே காரணத்தால் வெள்ளைக் கோடுகளுக்கும் தடை விதிக்கப்பட்டது. கூடை மாட்டிய கம்பத்தை மறைக்க வழியில்லை. கேட்டவர்களிடம், எலி பிடிக்க வரும் ஆந்தை உட்காருவதற்கான பறவைத் தாங்கி என்றார்.

சங்கத்து உறுப்பினர்கள் வந்து பார்த்தார்கள். பக்கத்து வயல்காரி நாகம்மாள் வரப்பில் நின்று கேட்டாள்: "தலைவரே, இந்த வெள்ளாமை எப்ப அறுப்பு?"

"இதுல எங்கயாவது கான்கிரீட் இருக்கா, நல்லாப் பாரு தாயி."

இல்லைதான். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். கோவிந்தராசு எறிந்த பந்து விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. கல்லூரி திறந்ததும் அவன் முதல் பேருந்தில் கிளம்பினான்.

ஐப்பசி மழை அவ்வாண்டு விடாமல் பெய்தது. ஊரின் சம்பா முழுவதும் மூழ்கியது. நாகம்மாளின் இரண்டு மா நிலமும் அதில் அடக்கம். இருபது குழியில் இளையபெருமாளின் வரப்பு ஒரு சொட்டையும் வெளியே விடவில்லை. தண்ணீருக்கு மேல் புல்லின் நுனி மட்டும், நட்டு வேர்பிடித்த பயிர்போல நீட்டிக்கொண்டிருந்தது.

பயிர்ச் சேதம் பார்க்க வேளாண்மை உதவி அலுவலர் ஹமீதா பானு வந்தார். தலைவர் முன்னே நடந்தார். உறுப்பினர்களும் ஒரு செய்தியாளரும் பின்னே வந்தார்கள். சாலை வளைவில் அலுவலர் நின்றார்.

"இது யாரு வயலுங்க?"

"நம்மளுதுதாம்மா."

"என்ன ரகம்?"

விளையாட்டுக் களம் என்று சொல்லியிருக்கலாம். செய்தியாளரின் கையில் கேமரா இருந்தது. நஞ்சைக் காவலரின் நஞ்சையில் கூடைப்பந்துக் களம் என்று மறுநாள் அச்சாகும். இளையபெருமாள் ஊரில் எல்லோரும் நட்டிருந்த நெல்லின் பெயரைச் சொன்னார்.

"சி.ஆர்."

"ஒரு குத்து புடுங்கிக் காட்டுங்க. வேர் அழுகியிருக்கான்னு பாக்கணும்."

தலைவர் அசையவில்லை. மூத்த உறுப்பினர் வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். "நீங்க இருங்க தலைவரே, நான் புடுங்குறேன்" என்று குனிந்து ஒரு பிடி பிடித்து இழுத்தார். குத்து வரவில்லை. ஒரு மூலை முழுவதும், அடிப்பக்கம் கறுப்பு ரப்பரோடு, ஈரப் பாய்போல எழுந்து வந்தது.

"நல்ல தூர் கட்டியிருக்கும்மா" என்றார் வைரக்கண்ணு.

அலுவலர் எதுவும் எழுதாமல் அடுத்த வயலுக்கு நடந்தார். செய்தியாளர் படம் எடுத்துக்கொண்டார்.

தையில் சங்கம் கூடியபோது, களம் கான்கிரீட் அல்ல என்பதை இளையபெருமாள் நெடுநேரம் நிரூபித்தார். அதை யாரும் மறுக்கவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து நாகம்மாள் எழுந்தாள்.

"புல்லு போட்டதுக்கு நாங்க சிரிச்சுட்டுப் போயிட்டோங்க. அது உங்க கொல்லை. என் பயிரு அழுகிக் கெடக்கையில, பக்கத்துல நின்னு உங்க பிளாஸ்டிக்குக்கு ரகம் பேரு சொன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

கூட்டம் அவள் பக்கம் தலையாட்டியது. வாக்கெடுப்புக்கு முன் இளையபெருமாள் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து, இளைஞர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதாக அறிவித்தார். போட்டியின்றித் தலைவரான வைரக்கண்ணு அவரைவிட ஆறு வயது மூத்தவர்.